பழைய அட்டையா, புதிய அட்டையா?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் தம் வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கணினிக்குள் செருகும் கிராபிக்ஸ் அட்டை. காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நூற்றாண்டு நிதியில் கணினி ஆய்வுகூடத்தைப் புதுப்பிப்பது என்று தீர்மானமாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் நாம் இரண்டு பட்டு நிற்கின்றோம். வெளிநாடுகளில் உள்ள எங்கள் பிள்ளைகளின் அலுமாரிகளில் நல்ல நல்ல பழைய அட்டைகள் தூசு படிந்து கிடக்கின்றன, அவற்றை அனுப்பினால் போதுமே என்கின்றனர் ஒரு சாரார். நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் விழாவுக்குப் பழசைக் கொடுப்பதா, புதிதாகவே வாங்குவோம் என்கின்றனர் மறு சாரார். இரண்டிலும் அன்பு இருக்கின்றது. எது சரி என்பதை அன்பை வைத்துத் தீர்க்க முடியாது, அளந்துதான் தீர்க்க வேண்டும். ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிடும்போது எம்மைப் போன்றோர் என்னென்ன கேள்விகள் கேட்போமோ, அவற்றையே இங்கும் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இந்த அட்டை செய்யும் வேலை என்ன? ஒரு திரையில் ஏறத்தாழ இருபது இலட்சம் புள்ளிகள் உள்ளன. அசையும் படமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று ஒரு செக்கனுக்கு அறுபது தடவை கணக்கிட வேண்டும். கணினியின் மூளையாகிய செயலி ஒரு கெட்டிக்கார ஆசிரியரைப் போன்றது. எந்தக் கடினமான கணக்கையும் செய்யும், ஆனால் ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான் செய்யும். கிராபிக்ஸ் அட்டை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் இருத்தி ஆளுக்கொரு சின்னக் கூட்டல் பெருக்கலைக் கொடுப்பதைப் போன்றது. ஒரே வகையான கணக்குக் குவியலாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் ஆசிரியரை வென்றுவிடுவார்கள்.

1996 இல் வெளிவந்த 3டீஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டையில் இருந்த நினைவகம் 4 மெகாபைற். அது முப்பரிமாணப் படம் மட்டுமே வரையும், சாதாரணத் திரைக்கு இன்னோர் அட்டை தேவைப்பட்டது. 1999 ஒக்டோபரில் என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 என்ற அட்டையை 32 மெகாபைற் நினைவகத்துடன் வெளியிட்டு, உலகின் முதலாவது 'ஜீ.பீ.யூ.' இதுவே என விளம்பரப்படுத்தியது. எங்களில் பலர் குப்பி விளக்கில் படித்து முடித்து, அப்போதுதான் கணினி என்ற ஒன்றைத் தொட்டுப் பார்த்த காலம் அது. 2006 நவம்பரில் ஜீபோர்ஸ் 8800 ஜி.ரி.எக்ஸ். வந்தது: 128 கணக்கீட்டுக் கருக்கள், 768 மெகாபைற் நினைவகம். அடுத்த ஆண்டு, படம் வரைவதோடு எந்தக் கணக்கையும் இந்த அட்டைகளிடம் ஒப்படைக்க உதவும் கியூடா என்ற மென்பொருள் அடித்தளம் பாவனைக்கு வந்தது. 2012 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்ரன் ஆகிய மூவரும் படங்களை இனங்காணும் ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பை, கடையில் விற்கும் இரண்டு ஜி.ரி.எக்ஸ். 580 விளையாட்டு அட்டைகளைக் கொண்டு ஐந்தாறு நாட்களில் பயிற்றுவித்தனர். இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு அலைக்கு வித்திட்ட வேலைகளில் அது முதன்மையானது. ஓர் அட்டையில் 3 ஜிகாபைற் நினைவகமே இருந்ததால் வலையமைப்பைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு அட்டைகளில் வைக்க நேர்ந்தது. நினைவகம் பற்றிய இந்தச் செய்தியை மனதில் வைத்திருங்கள், பிறகு அதற்கு வருவோம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். முதற் கேள்வி, பெயரில் உள்ள எண் என்ன சொல்கின்றது என்பது. என்விடியா அட்டைகளின் எண்ணை இரண்டாகப் பிரித்து வாசிக்க வேண்டும். 1080 என்றால் 10 என்பது தலைமுறை, 80 என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் நிலை. எங்கள் பாசையில் சொன்னால், முதற் பகுதி எந்த ஆண்டு 'பட்ச்' என்பதையும், கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதையும் காட்டுகின்றன. முந்திய பட்சின் முதற் பிள்ளையும் பிந்திய பட்சின் நடுப் பிள்ளையும் ஒரே பரீட்சையை எழுதினால் யார் கூடப் புள்ளி எடுப்பார் என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு மூன்று அட்டைகளை உதாரணமாக எடுத்திருக்கின்றோம். 2017 மார்ச்சில் வந்த ஜி.ரி.எக்ஸ். 1080 ரி.ஐ., 2021 பெப்ரவரியில் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3060, 2023 ஜூனில் வந்த ஆர்.ரி.எக்ஸ். 4060. முதலாவது தன் காலத்தின் அரசி, வெளியீட்டு விலை 699 அமெரிக்க டொலர். மற்றவை இரண்டும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள், விலை முறையே 329 டொலர், 299 டொலர்.

1080 ரி.ஐ. அட்டையில் உள்ள கருக்களின் எண்ணிக்கை 3584. 3060 இலும் சரியாக அதே 3584. பெட்டியைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. நினைவகத்தில் இருந்து செக்கனுக்கு எவ்வளவு தரவு வந்து போகலாம் என்று பார்த்தால் பழையதில் 484 ஜிகாபைற், புதியதில் 360. நினைவகத்தின் அளவு பழையதில் 11 ஜிகாபைற், புதியதில் 12. உச்ச மின்வலு பழையதில் 250 வாற்று, புதியதில் 170. வழமையான முறையில் படம் வரையும் விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமன், பலவற்றில் பழையது ஒரு விரற்கடை முன்னே நிற்கும். ஆகவே நான்கு ஆண்டு மூத்தது என்பதற்காக அதைக் கழித்துவிட முடியாது.

ஆனால் அதே இரண்டு அட்டைகளிலும் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். 3060 இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் முடித்துவிடும். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே தெறிக்கின்றது எனக் கணக்கிடுவதற்கென்றே அதற்குள் தனி உறுப்பு இருக்கின்றது, 1080 ரி.ஐ. யில் அது இல்லை. நரம்பு வலையமைப்புக் கணக்குகளுக்கான தனி உறுப்பும் அப்படியே. எனவே 'இந்த அட்டை அந்த அட்டையை விட நல்லதா?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும். காய்ச்சலுக்கு நல்ல மருந்து மூட்டு வீக்கத்துக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

கருக்களின் எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 2018 இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 2080 ரி.ஐ. யில் 4352 கருக்கள். 2020 இல் வந்த 3070 இல் 5888. எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது, விளையாட்டுகளில் வேகமோ கிட்டத்தட்ட அதேதான். தலைமுறை மாறும்போது எதைக் கரு என்று எண்ணுகின்றார்கள் என்பதும் மாறுகின்றது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போதுதான் அந்த எண் பயன்படும்.

இரண்டாவது கேள்வி, ஒரே பெயரில் இருப்பவை எல்லாம் ஒன்றா? மருந்துக் கடையில் ஒரே பெயரில் 250 மில்லிகிராம் குளிசையும் 500 மில்லிகிராம் குளிசையும் இருக்கும். ஆனால் அதன் அளவு பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும். இங்கே அந்த ஒழுங்கு இல்லை. ஜி.ரி. 1030 என்ற மலிவான அட்டை 2017 இல் வந்தபோது அதன் நினைவக வேகம் செக்கனுக்கு 48 ஜிகாபைற். அடுத்த ஆண்டு அதே பெயரில், வேறு வகை நினைவகத்துடன் வந்ததில் அது 17 ஜிகாபைற்றுக்கும் குறைவு. செயற்றிறன் பாதியளவுக்கு விழுந்தது. ஜி.ரி.எக்ஸ். 1060 அட்டையில் 6 ஜிகாபைற் வகைக்கு 1280 கருக்கள், 3 ஜிகாபைற் வகைக்கு 1152. ஆர்.ரி.எக்ஸ். 3050 இல் 8 ஜிகாபைற் வகை 2560 கருக்களும் 130 வாற்றும் கொண்டது, 6 ஜிகாபைற் வகை 2304 கருக்களும் 70 வாற்றும் கொண்டது. மடிகணினிகளில் அதே பெயரைச் சூடி வருபவை இன்னொரு குடும்பம். எனவே அன்பளிப்புப் பட்டியலில் '3050 ஒன்று' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். நினைவகத்தின் அளவும் வகையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய சந்தையில் வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் மூத்த மலிவான அட்டையின் உள் மென்பொருளை மாற்றி, கணினியே அதை ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்று வாசிக்கும்படி செய்து விற்கும் மோசடி நெடுநாளாக நடக்கின்றது. ஜீ.பீ.யூ.-இசெட் என்ற இலவச மென்பொருளில் 2018 முதல் இத்தகைய போலிகளைக் கண்டுபிடிக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. அட்டையைக் கையில் வாங்கியதும் முதற் சோதனை அதுவாக இருக்கட்டும். 2022 செப்ரெம்பரில் எதிரியம் என்ற மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதை உருவாக்க இரவு பகலாக ஓடிய அட்டைகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் பழுதென்று சொல்ல மாட்டோம். காற்றாடியும், வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசையும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றினால் பல ஆண்டு ஓடக்கூடியவையும் உண்டு.

மூன்றாவது கேள்வி, எதை அளந்தார்கள்? அட்டைகளின் விளம்பரங்களில் செக்கனுக்கு இத்தனை படச்சட்டங்கள் என்ற சராசரி எண் இருக்கும். அறுபது சட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிசெக்கன். சராசரி அறுபதாக இருக்கும்போதே இடையிடையே ஒரு சட்டம் நூறு மில்லிசெக்கன் எடுத்தால் கண்ணுக்குத் திரை திக்கித் திணறும், சராசரியில் அது மறைந்துபோகும். நீரிழிவு நோயாளரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை நன்றாக வந்திருக்கும், இடையில் சீனி அடிக்கடி கடுமையாகக் குறைந்து அவர் மயங்கியும் இருப்பார். நல்ல சராசரி நல்ல நிலைமைக்கு உறுதி அல்ல. இதனால்தான் நேர்மையான சோதனையாளர்கள் மிக மெதுவான ஒரு சதவீதச் சட்டங்களின் வேகத்தைத் தனியாக வெளியிடுகின்றனர். பழைய அட்டைகளில் நினைவகம் போதாமல் போகும்போது முதலில் அடி விழுவது அந்த ஒரு சதவீதத்தில்தான்.

விளம்பர எண்களில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் வேகாசில் நடந்த கண்காட்சியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் ஆர்.ரி.எக்ஸ். 5070 அட்டை முந்திய தலைமுறையின் உச்சமான 4090 இன் செயற்றிறனைத் தரும் என்று அறிவித்தார். 4090 இல் 16,384 கருக்கள், 24 ஜிகாபைற் நினைவகம். 5070 இல் 6,144 கருக்கள், 12 ஜிகாபைற். இது எப்படி முடியும்? புதிய அட்டை உண்மையாக வரைந்த ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால், ஊகித்து உருவாக்கிய மூன்று சட்டங்கள் வரை செருகுகின்றது. அவற்றையும் சேர்த்து எண்ணினால் அந்தத் தொகை வரும். கண்ணுக்கு அசைவு மென்மையாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் விசையை அழுத்தியதும் திரை பதிலளிக்கும் வேகம் அதனால் கூடுவதில்லை, பிளெண்டரில் ஒரு படத்தை முடிக்க எடுக்கும் நேரமும் ஒரு செக்கன்கூடக் குறைவதில்லை. ஊகித்த சட்டங்களை நீக்கி ஒப்பிட்டால் 5070 கணிசமாகப் பின்னால் நிற்கின்றது. மருந்தாய்விலும் இதே விழிப்புத் தேவை. நோயாளி நன்றாக இருக்கின்றாரா என்று கேட்டால் ஆய்வுகூட எண் ஒன்று நன்றாக இருக்கின்றது எனப் பதில் வரும்.

அப்படியானால் நாமே அளப்பது எப்படி? ஒரே கணினி, ஒரே திரை, ஒரே மென்பொருள்ப் பதிப்பு, அட்டையை மட்டும் மாற்ற வேண்டும். குளிரூட்டிய கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதில் பயனில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் சித்திரை மாத நடுப்பகலில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். சூடேறினால் அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுக்க வேண்டும், சுவர்ச் செருகியில் மின்வலுவை அளக்க வேண்டும். பிளெண்டர் அமைப்பினர் இதற்கென இலவசச் சோதனைக் காட்சிகளை வைத்திருக்கின்றனர். அவற்றுள் ஒன்றின் பெயரே 'வகுப்பறை'. வெறுமையான மேசை கதிரைகளும் யன்னல் வழியே விழும் வெயிலும் கொண்ட காட்சி அது. சோதனைப் படங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1975 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் கணினிக்கு ஒரு மாதிரிப் பொருள் தேடியபோது, வீட்டுத் தேநீர்ப் பாத்திரங்களை வரையலாமே என்று சொன்னவர் அவருடைய மனைவி சான்ட்ரா. அந்தத் தேநீர்க் கேத்தல் இன்று கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

நான்காவது கேள்வி நினைவகம் பற்றியது. 4060 பொதுவாக 3060 ஐ விட வேகமானது, விளையாட்டுகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முந்தும். மின்வலு 115 வாற்றுத்தான். ஆனால் அதன் நினைவகம் 8 ஜிகாபைற், மூத்ததில் 12. மாணவி உருவாக்கும் காட்சி 8 ஜிகாபைற்றுக்குள் அடங்கினால் இளையவள் வெல்வாள். அடங்காவிட்டால் மிச்சத்தை கணினியின் பொது நினைவகத்தில் வைத்து ஒடுங்கிய பாதையால் கொண்டுவர வேண்டும். 4060 எட்டுத் தடப் பாதையையே பயன்படுத்துகின்றது. தாய்ப்பலகை மூன்றாம் தலைமுறையாக இருந்தால் அந்தப் பாதையில் செக்கனுக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைற்தான் செல்லும். அட்டையின் சொந்த நினைவகத்துக்கோ 272. வண்டில் பாதையில் லொறி போன கதைதான். எழுநூறு கோடி எண்களைக் கொண்ட ஒரு மொழி மாதிரியை 16 பிற் நுணுக்கத்தில் வைக்க 14 ஜிகாபைற் வேண்டும், 4 பிற்றாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிகாபைற் போதும். எந்த அட்டை போதும் என்பது வேகத்தை விட இத்தகைய கணக்கில் தங்கியிருக்கின்றது.

ஐந்தாவது, பக்க விளைவுகளும் ஒவ்வாமையும். எங்கள் பாடசாலையில் உள்ளவை பழைய அலுவலகக் கணினிகள். தாய்ப்பலகைச் செருகுகுழி தரக்கூடிய மின்வலு 75 வாற்று. அதற்கு மேற்பட்டால் மின்வழங்கியிலிருந்து தனி வயர் வேண்டும், அந்த வயர் பல அலுவலகக் கணினிகளில் கிடையாது. 60 வாற்று ஜி.ரி.எக்ஸ். 750 ரி.ஐ., 75 வாற்று ஜி.ரி.எக்ஸ். 1650 இன் பல வகைகள், 70 வாற்று 3050 ஆகியவை தனி வயர் இல்லாமலே ஓடும். 250 வாற்று அரசியைக் கொண்டுவந்தால் அவளுக்கு மின்வழங்கி, பெட்டி, காற்றோட்டம் எல்லாம் மாற்ற வேண்டும். 650 வீ.ஏ. என்று எழுதிய யூ.பீ.எஸ். தரும் உண்மையான மின்வலு 400 வாற்றுக்கும் குறைவு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இது சிறிய விடயம் அல்ல. 1080 ரி.ஐ. க்கும் 4060 க்கும் இடையில் 135 வாற்று வித்தியாசம். நாளுக்கு ஐந்து மணி நேரம் முழுச்சுமையில் இருநூறு நாட்கள் ஓடினால் ஓர் அட்டைக்கு ஆண்டுக்கு 135 அலகு மின்சாரம். இலவசமாக வந்த அட்டை என்றாலும் மின் பட்டியல் பாடசாலைக்குத்தான் வரும்.

ஆறாவது கேள்வியே எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகின்றது. காலாவதித் திகதி என்ன? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் நாட்டுக்கு வந்து குவிந்த மருந்துகளில் தேவையற்றவையும் இருந்ததை எங்கள் துறையினர் மறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கென வகுத்த நெறிமுறைகள் அதற்கு முன்பே இருந்தன. கொடுப்பவரின் வசதிக்காக அன்றிப் பெறுபவரின் தேவைக்காகக் கொடுக்க வேண்டும், வந்துசேரும்போது குறைந்தது ஓராண்டாவது பாவனைக்காலம் மீதமிருக்க வேண்டும், தன் நாட்டில் ஏற்றுக்கொள்ளாத தரத்தைப் பிறருக்கு அனுப்பக்கூடாது என்பவை அவற்றின் சாரம். கணினி அட்டைக்கும் இவை அப்படியே பொருந்தும்.

அட்டையின் காலாவதி அதன் இரும்பில் இல்லை, அதை இயக்கும் ட்ரைவர் மென்பொருளில் இருக்கின்றது. 1080 ரி.ஐ. உள்ளிட்ட தலைமுறைக்கும் 750 ரி.ஐ. உள்ளிட்ட அதற்கு முந்திய தலைமுறைக்கும் விளையாட்டுகளுக்கான புதிய ட்ரைவர்கள் 2025 ஒக்டோபரோடு நிறுத்தப்படும், அதன் பின் 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா அறிவித்தது. கியூடாவின் 13 ஆம் பதிப்பு அந்தத் தலைமுறைகளைக் கைவிட்டுவிட்டது. 2017 இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 580 லினக்ஸில் திறந்த மூல ட்ரைவருடன் திரைக்கு நன்றாகவே படம் காட்டும். ஆனால் 2021 டிசெம்பரில் வந்த பிளெண்டர் 3.0 முதல், படத்தை முடிக்கும் கணக்கை அந்த அட்டை செய்ய வழியில்லை. இரும்பு நன்றாக இருக்கின்றது, அதோடு பேசுவோர் இல்லை.

இவ்வளவையும் அளந்த பிறகு நாங்கள் வந்தடைந்த முடிவு இரு சாராருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். உயர்தர தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் பைதன் எழுதவோ, தரவுத்தளம் அமைக்கவோ, இணையப் பக்கம் செய்யவோ தனிக் கிராபிக்ஸ் அட்டை தேவையே இல்லை. செயலிக்குள்ளேயே இருக்கும் படவசதி தாராளமாகப் போதும். ஆகவே ஆய்வுகூடத்தின் பெரும்பாலான கணினிகளுக்கு வேண்டியது வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும், போதிய நினைவகமும், நல்ல யூ.பீ.எஸ். உம். பெரும்பகுதிப் பணம் அங்கே போக வேண்டும். முப்பரிமாணப் படம், காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுப் பரிசோதனை ஆகியவற்றுக்கு நான்கைந்து கணினிகள் போதும். அவற்றுக்கு 12 ஜிகாபைற் 3060 போன்றவை, புதியதாயினும் நல்ல நிலையில் உள்ள பழையதாயினும், பொருத்தமானவை. இன்னும் சிலவற்றுக்குத் தனி வயர் வேண்டாத சிறிய அட்டைகள் உதவும்.

வெளிநாட்டுக் கிளைகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். 20 ஆம் தொடர், அதற்குப் பிந்திய ஆர்.ரி.எக்ஸ். தலைமுறை அட்டைகள் இருந்தால் அன்போடு அனுப்புங்கள். அனுப்புமுன் உங்கள் பிள்ளைகளைக் கொண்டு அரை மணி நேரம் சோதித்து, முழுப் பெயர், நினைவகம், மின்வலு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். 1080 ரி.ஐ. போன்ற மூத்தவற்றை வீணென்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றிரண்டு வந்தால் வன்பொருள் கழற்றிப் பூட்டிப் பழகவும், பழையதையும் புதியதையும் தங்கைகளே அருகருகே வைத்து அளந்து பார்க்கவும் அவை அருமையான பாடப் பொருள். ஒரு நல்ல விஞ்ஞானச் செய்முறை அது. ஆனால் ஆய்வுகூடத்தின் அன்றாட வேலையை, ஆதரவு முடியும் நாள் குறித்தாகிவிட்ட அட்டைகளின் தலையில் ஏற்றக்கூடாது.

எந்த அளவுகோலால் இந்த முடிவுக்கு வந்தோம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் கணினி இல்லாத ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டோம். பாடசாலை விட்டதும் ஆய்வுகூடம் திறந்திருப்பது சொற்ப நேரம். கடைசி பஸ்ஸுக்கு முன் அவள் தன் வேலையை முடிக்க வேண்டும். அவள் எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருக்கின்றாள், இருந்த இடத்தில் வேலை முடிந்ததா, அடுத்த ஆண்டு வரும் தங்கைக்கும் அதே கணினி ஓடுமா என்ற மூன்றும்தான் எங்களுக்குச் செயற்றிறன். செக்கனுக்கு இத்தனை சட்டம் என்பது அதற்குப் பிறகு.

தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அட்டைகளைச் செய்யும் இரு பெரும் நிறுவனங்களில் ஒன்றாகிய ஏ.எம்.டி. யை 2014 முதல் தலைமை நிர்வாகியாக நடத்துபவர் லிசா சூ என்ற பெண்மணி, தைவானில் பிறந்த மின் பொறியியலாளர். அந்நிறுவனம் 2006 இல் வாங்கிய ஏ.ரி.ஐ. என்ற அட்டை நிறுவனம், ஹொங்கொங்கிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் 1985 இல் தொடங்கியது. அதன் தலைமையகம் இருந்தது எங்கள் உறவுகள் பலர் வாழும் மார்க்கம் நகரில். அளவுகோலை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு அவர் சொல்லும் எண்ணை நம்பிக்கொண்டிருக்காமல் நீங்களே எடுத்து அளக்கப் பழகுங்கள். வாங்கும் அட்டைக்கும் அது உதவும், வாசிக்கும் செய்திக்கும் உதவும்.

இந்த முடிவில் மாற்றுக் கருத்து இருப்போர் தயவுசெய்து செயற்குழுவுக்கு எழுதுங்கள். கொள்வனவு தொடங்குமுன் எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கலாம்.